மோட்சமலையில் ஒரு முழுக்கு

டென்மார்க்கில் மலை கிடையாது. இதை நான் சொல்லவில்லை, டெனிஷ்காரர்களே சொல்லிச் சிரிப்பார்கள். ஆனாலும் அவர்கள் ஒரு மேட்டைப் பிடித்து, அதற்கு வானத்தின் பெயரை வைத்து, கோடை வந்தால் பிள்ளைகுட்டிகளோடு ஏறி இறங்குவார்கள். யாழ்ப்பாணத்தார் இதைப் பார்த்துச் சிரிக்க முடியாது. எங்களிடமும் ஒரு மலை இருக்கிறது, கீரிமலை. அங்கே ஏறுவதற்கு ஒன்றுமில்லை. படியால் இறங்கிக் கேணியில் முழுகி, இறந்தவர்களுக்குச் செய்யவேண்டியதைச் செய்துவிட்டு வீட்டுக்கு வரவேண்டியதுதான்.

எண்பத்தாறாம் ஆண்டு ஆடி மாதத்தில் எங்கள் அகதி முகாமிலிருந்து பதினைந்து பேர் அந்த டெனிஷ் மலைக்குப் போனோம். எனக்கு வயது பத்து. அந்தப் பதினைந்து பேரிலும் எனக்குத்தான் டெனிஷ் அதிகம் தெரியும். மற்ற எதுவும் தெரியாது. அதனால் எனக்கு அன்று தெரியாத ஒன்றை உங்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்று காலை பஸ் ஏறும்போது அப்பாவின் சட்டைப் பைக்குள் ஒரு கடிதம் இருந்தது. ஊரில் அப்பப்பா, அதாவது அப்பாவின் தகப்பன், இறந்துவிட்டார் என்று அதில் எழுதியிருந்தது. கடிதம் வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அப்பா அதை ஒருவருக்கும் சொல்லவில்லை. அம்மாவுக்குக்கூட.

சொல்லாததற்குக் காரணம் மாமி. மாமி அப்பாவின் ஒரே தங்கை. சிறுவயதிலேயே தாயைப் பறிகொடுத்து, தகப்பனின் கைக்குள் வளர்ந்தவர். எங்களோடுதான் டென்மார்க்குக்கு வந்தார், ஆனால் அவருடைய அகதி விண்ணப்பம் மட்டும் ஒரு தடவை நிராகரிக்கப்பட்டிருந்தது. இனித் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று முகாமில் கதை. அந்த நேரத்தில்தான் அல்பர்ட்ஸ்லுண்டில் வதிவிட அனுமதியோடு இருந்த ஒரு மாப்பிள்ளை பொருந்தி வந்தார். ஆவணி பிறந்ததும் கலியாணம். தாலியைக் கட்டி, நகரசபையில் பதிந்துவிட்டால் மாமி இந்த நாட்டிலேயே இருக்கலாம்.

பெண்ணின் தகப்பன் செத்தால் வீட்டில் ஒரு வருடத்துக்கு நல்ல காரியம் கிடையாது. ஆட்டைத் திவசம், அதாவது முதல் வருடத் திதி, முடியவேண்டும். மாப்பிள்ளையின் தமையனோ சம்பிரதாயத்தில் ஒரு மயிரிழை விட்டுக்கொடுக்காத மனிதர். செத்தவீடு என்று கேள்விப்பட்டிருந்தால் மறுநாளே வேறு பெண் பார்க்கத் தொடங்கியிருப்பார். ஒரு வருடம் காத்திருக்க மாமி இங்கே இருப்பாரா என்பதே நிச்சயமில்லை. அதனால் அப்பா தகப்பனின் சாவை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அது சரியா பிழையா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை.

பயணத்தை ஒழுங்கு செய்தவர் முகாமில் வேலை செய்த ஒரு டெனிஷ் பெண். ஆம் என்பதற்கு ‘யா’ என்று சொல்லும்போது மூச்சை வெளியே விடாமல் உள்ளே இழுப்பார். யூலாந்துப் பக்கத்தில் பலருக்கு அந்தப் பழக்கம் உண்டு. நாங்கள் அவருக்குத் தொய்வு, மூச்சிழுப்பு நோய் என்று நினைத்தோம். முதல் நாள் அம்மா ஓடிப்போய்த் தண்ணீர் கொடுத்தார். அன்றிலிருந்து அவர் எங்களுக்கு மூச்சக்கா.

மூச்சக்கா சாப்பாட்டு மண்டபத்தில் ஒட்டிய அறிவித்தலை வாசித்துச் சொல்லும் பொறுப்பு என்னுடையது. மலையின் பெயர் ‘ஹிம்மெல்’ என்று தொடங்கியது. ஹிம்மெல் என்றால் சொர்க்கம் என்று ஒரு கிறிஸ்மஸ் பாட்டில் படித்திருந்தேன். வெறும் வானத்துக்கும் அதே சொல்தான் என்ற செய்தி எனக்கு இன்னும் வந்து சேரவில்லை. ‘மோட்சமலை’ என்று மொழிபெயர்த்தேன். அதற்குக் கீழே இன்னொரு வரி, போகிற வழியில் பழைய மடமொன்றின் இடிபாடுகளையும் பார்க்கலாம் என்று. போதாதா? அரை மணித்தியாலத்துக்குள் அது சிவனொளிபாத மலைக்குத் தங்கச்சி என்று முகாம் தீர்மானித்துவிட்டது. மூன்று நாளாக ஒருவரும் மச்சம் மாமிசம் தொடவில்லை. பெண்கள் தலைமுழுகினார்கள். அம்மா கற்பூரத்தையும் வாழைப்பழத்தையும் எடுத்துப் பையில் வைத்தார்.

நம்பாத ஒரே ஆள் வாத்தியார் மாமா. அப்பாவின் சிநேகிதர், ஊரில் பூமிசாத்திரம் படிப்பித்தவர், வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர்.

“டென்மார்க்கிலை மலையோ? எந்தத் தேசப்படத்திலை கிடக்கு?” என்று கேட்டார்.

வேதக்காரருக்கு எங்கள் மோட்சத்தைப் பற்றி என்ன தெரியும் என்று அம்மா எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

அந்த நாட்களில் அப்பாவிடம் ஒரு புதுப் பழக்கம் வந்திருந்தது. காலைச் சாப்பாட்டுக்கு முகாமில் தரும் பணிஸ் ரொட்டியின் மேலே கறுப்பாகச் சின்ன விதைகள் ஒட்டியிருக்கும். அப்பா அவற்றைக் கரண்டியால் சுரண்டி ஒரு கடதாசியில் போடுவார். தன்னுடையது முடிந்தால் என்னுடைய பணிஸையும் வாங்கிச் சுரண்டுவார். பல்லுக்குள் போகிறது என்று காரணம் சொன்னார். அம்மாவும் நானும் மொட்டைப் பணிஸ் தின்று பழகிக்கொண்டோம்.

பயண நாளில் அப்பா பணிஸைத் தொடவேயில்லை. தேநீரும் குடிக்கவில்லை. கையில் ஒரு கடைப் பை வைத்திருந்தார். பஸ்ஸுக்குள் வாத்தியார் மாமா பக்கத்தில் இருந்து கதை கொடுத்துக்கொண்டே வந்தார். அப்பா யன்னலால் பார்த்தபடி ஓம், ஓம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மாமி எனக்கு முன் இருக்கையில், கூறைச்சேலை என்ன நிறம், தலைக்கு என்ன பூ, இந்த ஊரில் மல்லிகைக்கு எங்கே போவது என்று அம்மாவோடு கதைத்துக்கொண்டு வந்தார். மாமி சிரித்தால் பஸ் முழுவதற்கும் கேட்கும். அன்று நிறையச் சிரித்தார்.

மடத்தில் இறங்கினோம். எண்ணூறு வருடப் பழசு என்று மூச்சக்கா சொன்னார். கோபுரமும் தூணும் எதிர்பார்த்துப் போன எங்களுக்கு முழங்கால் உயரத்தில் சில கற்சுவர்கள் புல்லுக்குள் நீளமும் குறுக்குமாகக் கிடந்தன. இங்கே சமையலறை, இங்கே வழிபாட்டு மண்டபம், இங்கே நோயாளர் தங்கிய இடம் என்று மூச்சக்கா வெறும் புல்லைக் காட்டிக் காட்டிச் சொன்னார். நான் சளைக்காமல் மொழிபெயர்த்தேன்.

வாத்தியார் மாமா ஒரு சுவரில் காலை வைத்து நின்றார். “இடிஞ்ச வீடு பாக்கவோ ஐசே இவ்வளவு தூரம் வந்தனாங்கள்? அது எங்கடை ஊரிலை வேண்டிய அளவு கிடக்கே.”

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

அங்கே இன்னொன்றும் இருந்தது. தோண்டி எடுத்த எலும்புக்கூடுகள். அந்தக் காலத்துச் சாமிமாரையும் நோயாளரையும், கிடந்தது கிடந்தபடி, கண்ணாடிக்குக் கீழே வைத்திருந்தார்கள். இதைக் கேட்டதும் அம்மா கலியாணப் பெண் எலும்பு பார்க்கக்கூடாது என்று மாமியை இழுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். என்னையும் கூப்பிட்டார். நான் மொழிபெயர்ப்பாளர், என்னை விட முடியாது என்று அப்பா சொல்லிவிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மற்றவர்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். அப்பா ஒரு கண்ணாடியின் முன்னால் அசையாமல் நின்றார். நெடிய ஒரு மனிதனின் எலும்புக்கூடு, கைகள் வயிற்றின் மேல் கிடந்தன. அப்பா என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

“பிள்ளை, இவருக்கு ஆர் கொள்ளி வைச்சது எண்டு கேள்.”

கொள்ளிக்கு எனக்கு டெனிஷ் தெரியாது. அந்தச் சொல் அந்த மொழியில் இருக்கிறதா என்றே இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். எனக்குத் தெரிந்ததை வைத்து, இவரை எரித்தது யார் என்று கேட்டேன். மூச்சக்காவின் முகம் சிவந்துபோனது. “நை, நை!” என்றார். இவரை ஒருவரும் எரிக்கவில்லை, ஒருவரும் ஒரு தீங்கும் செய்யவில்லை, நோய் வருத்தத்தில் அமைதியாக இறந்தவர், கூட இருந்த சாமிமார்கள் புதைத்தார்கள் என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார். எங்கள் ஊரில் நடந்தவற்றை நினைத்து நான் பயந்துவிட்டேன் என்று எண்ணினாரோ என்னவோ.

“ஒருத்தரும் எரிக்கேல்லையாம் அப்பா. கூட இருந்த சாமிமார் தாட்டவையாம்.”

“பிள்ளையள் ஒருத்தரும் இல்லையோ அவருக்கு?”

“சாமியாருக்கு ஏது பிள்ளை?” என்றார் வாத்தியார் மாமா.

“அப்ப ஆரோ பக்கத்திலை நிண்டவை செய்திருக்கினம்,” என்றார் அப்பா. கண்ணாடியில் கையை வைத்தபடி, “செய்யத்தானே வேணும்,” என்றார்.

அந்தக் கடிதத்தை நான் வாசித்தது முப்பது வருடங்களுக்குப் பிறகு, அப்பா போன பின்பு, அவருடைய பெட்டியைக் கிளறியபோது. ஒன்றரைப் பக்கம். ஊரடங்கு என்றபடியால் அன்றைக்கே எடுக்கவேண்டி வந்தது, கொள்ளி வைக்கச் சொந்தத்தில் ஆண்கள் இல்லை, பக்கத்து வீட்டுத் தையற்காரர் வைத்தார், யோசிக்க வேண்டாம் என்று எழுதியிருந்தது. யோசிக்க வேண்டாமாம். மூத்த மகன், ஒரே மகன். அதை வாசித்தபோதுதான் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்ற அப்பாவை நினைத்து எனக்கு அழுகை வந்தது.

மடத்திலிருந்து பஸ்ஸில் கொஞ்சத் தூரம் போய், ஓர் ஏரிக்கரையில் இறங்கி நடக்கத் தொடங்கினோம். பஸ் தனியாகச் சுற்றி மலையுச்சிக்கு வந்து காத்திருக்கும் என்றார் மூச்சக்கா. “பஸ் ஏறுற மலை,” என்று வாத்தியார் மாமா தனக்குள் சொல்லிச் சிரித்தார். ஒரு மணித்தியாலத்துக்கும் மேலே நடை. வலது பக்கம் மரங்கள், இடது பக்கம் தண்ணீர். பெண்கள் சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகியிருந்தார்கள். காலில் தானமாகக் கிடைத்த குளிர்காலச் சப்பாத்து. எதிரே வந்த டெனிஷ்காரர் எல்லோரும் நின்று வழிவிட்டு, வணக்கம் சொல்லி, நாங்கள் கடந்த பிறகும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மலையடியில் ஒரு சிறிய படகுத்துறை. அங்கே வந்ததும் அப்பா ஒரு பலகையில் இருந்துவிட்டார்.

“முழங்கால் பிடிச்சிட்டுது. நீங்கள் நடவுங்கோ, நான் ஆறுதலா, மெள்ள வாறன்.”

வாத்தியார் மாமா கூட இருக்கிறேன் என்றார். அப்பா விடவில்லை. சரியென்று நாங்கள் ஏறினோம். பாதி ஏறியிருப்போம், அம்மா திடீரென்று நின்றார். “மனிசன் காலமை ஒண்டும் வாயிலை வைக்கேல்லை,” என்று சொல்லி, இரண்டு துண்டுப் பாண் ரொட்டியை என் கையில் தந்து, குடுத்திட்டுக் கெதியா வா என்று அனுப்பினார்.

நான் ஓடினேன். இறக்கத்தில் ஓடுவது எவ்வளவு சந்தோஷம் என்று யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு அதற்குமுன் தெரியாது. படகுத்துறையில் அப்பா இல்லை. அவருடைய காற்சட்டையும் சட்டையும் பலகையில் மடித்தபடி இருந்தன. கொஞ்சம் தள்ளி, நாணல் மறைத்த இடத்தில், அப்பா வேட்டி கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றார். கடைப் பைக்குள் இருந்தது அந்த வேட்டிதான். சூரியனை வைத்துத் திசை பார்த்துத் தெற்கே திரும்பியிருந்தார். கையில் அந்தக் கடதாசிச் சுருள். அதிலிருந்து பணிஸ் விதைகளை உள்ளங்கையில் கொட்டி, தண்ணீர் அள்ளி, விரல்களுக்கிடையால் விட்டார். அவருக்கு அது எள்ளு. அது எள்ளு அல்ல, கசகசா என்று வெகுகாலம் கழித்து இங்கே பாண் சுடும் ஒரு வெதுப்பகத்தில் எனக்குத் தெரியவந்தது. அப்பாவுக்கு நான் அதைச் சொல்லவில்லை.

பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுகினார். எழுந்தார். திரும்ப முழுகினார். வீட்டில் குளிக்கக்கூடத் துரத்தவேண்டிய அப்பா, இப்படித் தனியாக வந்து விளையாடுகிறாரே என்று எனக்கு ஒரே சிரிப்பு. பாணைப் பலகையில் போட்டுவிட்டு, உடுப்போடு ஓடிப்போய்த் தண்ணீருக்குள் விழுந்தேன். குளிர் உயிரைப் பிடுங்கியது. அவர் பக்கத்தில் போய், நானும் மூக்கைப் பிடித்து ஒரு முழுக்குப் போட்டேன்.

எழும்பியதும் கன்னத்தில் அடி விழுந்தது.

“ஏறு வெளியாலை! ஏறடி! நான் உயிரோடை நிக்கிறன், நீ முழுகிறியோ?”

அப்பா என்னை அதற்கு முதலும் அடித்ததில்லை, பிறகும் அடித்ததில்லை. நான் அழவும் மறந்து அவரைப் பார்த்தேன். அவர் என்னைத் தூக்கிக்கொண்டு கரையேறினார். சட்டையால் என் தலையைத் துவட்டினார். எங்கிருந்தோ ஒரு டெனிஷ்க் கிழவர் தூண்டிலோடு எட்டிப்பார்த்து, தண்ணீர் குளிரா என்று கேட்டார். அப்பா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் யெஸ், தாங்க்யூ என்றார்.

“நோகுதோ பிள்ளை?”

நான் கன்னத்தைப் பொத்திக்கொண்டேன்.

“கால் சறுக்கி விழுந்திட்டன், அப்பா இறங்கித் தூக்கினவர் எண்டு சொல்லு. வேறை ஒண்டும் சொல்லாதை. மாமியிட்டை ஒரு சொல்லும் விடாதை.”

பாண் துண்டு இரண்டையும் நின்றபடியே தின்றார். பிறகு இருவரும் ஏறினோம்.

உச்சியில் மோட்சம் இருக்கவில்லை. செங்கல்லில் கட்டிய ஒரு கோபுரம் இருந்தது. அதற்குள் சாமி இல்லை, ஏதோ ஓர் அரசரின் நினைவாம். எங்கள் பஸ் நின்றது. ஐஸ்கிறீமும் சிவப்புச் சொசேஜும் விற்கிற ஒரு கடை இருந்தது. அம்மா கற்பூரத்தைக் கையில் வைத்துக்கொண்டு மலை இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டிருக்கிறார். நூற்றைம்பது மீற்றர்கூட இல்லை, இதுதான் உச்சி என்று மூச்சக்கா மூச்சை இழுத்திருக்கிறார். வாத்தியார் மாமா வெற்றிக் களிப்பில் இருந்தார். மலையில் சாமி இல்லையென்றால் விரதமும் இல்லை என்று சட்டம் சொல்லி, மூன்று நாள் மரக்கறியோடு கிடந்தவர்களைக் கூட்டிக்கொண்டு சொசேஜ் கடைக்குப் போய்விட்டார். மாமி மட்டும் போகவில்லை. விரதம் என்று வெளிக்கிட்டேன், விரதமாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று ஒரு வாங்குப் பலகையில் தனியாக இருந்தார்.

அப்பா, நான் சறுக்கி விழுந்த கதையைச் சொன்னார். அம்மா தலையிலடித்துக்கொண்டு தன் கோட்டை எனக்குப் போட்டுவிட்டார். மாமி என்னைக் கூப்பிட்டு மடிக்கு முன்னால் இருத்தி, என் பின்னலை அவிழ்த்து, சேலைத் தலைப்பால் தலையைத் துவட்டத் தொடங்கினார்.

“விழுந்தனியோ குஞ்சு, இல்லாட்டிக் குதிச்சனியோ?”

எனக்குக் கன்னம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. நியாயம் கேட்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. அப்பா மாமியிடம் சொல்லாதே என்றது நினைவில் இருந்தது. இருந்தும் சொன்னேன்.

“நான் விழேல்லை. அப்பா முழுகினவர். நானும் முழுகினன். அதுக்கு அடிச்சுப் போட்டார்.”

“அண்ணை முழுகினவரோ?”

“ஓம். வேட்டி கட்டிக்கொண்டு. எள்ளுப் போட்டு.”

மாமியின் கை என் தலையில் அப்படியே நின்றுவிட்டது.

“உனக்கு என்ன சொல்லி அடிச்சவர்?”

“நான் உயிரோடை நிக்கிறன், நீ முழுகிறியோ எண்டு.”

நான் திரும்பிப் பார்க்கப் போனேன். மாமி என் தலையைப் பிடித்து முன்னுக்குத் திருப்பிவிட்டார். பிறகு சீப்பை எடுத்து வாரினார். உச்சியிலிருந்து நுனிவரை, சிக்கு எடுத்து, மெதுவாக, ஒருநாளும் இல்லாத பொறுமையோடு வாரினார். பின்னி முடிய வெகுநேரம் ஆனது. முடித்ததும் காதுக்குள் சொன்னார்.

“எனக்குச் சொன்னனீ எண்டு அப்பாட்டைச் சொல்லாதை. செத்தாலும் சொல்லாதை.”

இப்படி ஒரே நாளில் இரண்டு பெரியவர்கள் என்னை நம்பி இரகசியம் தந்தார்கள். கன்னத்து நோவெல்லாம் எனக்கு ஆறிவிட்டது.

அப்பா இறந்து முதல் வருடம் முடிந்தபின் ஓர் ஆடியில் அம்மா கோல்டிங்கிலிருந்த என் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். “நாளைக்கு ஆடியமாவாசை. இனி நீயும் விரதம் பிடிக்கவேணும். தகப்பன் இருக்கிற ஆக்கள் உந்த முழுக்கும் விரதமும் செய்யப்படாது. இல்லாத ஆக்கள்தான் செய்யிறது.” தாய்க்குச் சித்திரைப் பறுவம், அதாவது பௌர்ணமி, தகப்பனுக்கு ஆடியமாவாசை. எங்கள் ஆட்களில் இது தெரியாத பெரியவர்கள் கிடையாது. நான் தொலைபேசியை வைத்துவிட்டுக் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன். முதல் வருடத்தில் அந்த விரதம் உண்டோ இல்லையோ என்று கேட்க அப்பாவுக்கு அன்று ஓர் ஐயர்கூட இருக்கவில்லை. மலைக்குப் போன அன்று வாய்த்த ஆடியமாவாசையையும் ஏரியையும் வைத்துத் தன் கடமையைச் செய்திருக்கிறார். நடுவில் நான் போய் விழுந்து, அவர் இருக்கும்போதே அவருக்கு முழுகியிருக்கிறேன்.

அதே நிமிடம் இன்னொன்றும் விளங்கியது. மாமிக்கு அது தெரியாமல் இருந்திருக்குமா? கலியாணத்துக்காக நாட்காட்டியைப் பார்த்துப் பார்த்து நாள் எண்ணியவர் அவர். ஆடியமாவாசையில் அண்ணன் எள்ளோடு முழுகினார் என்றால் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான் உண்டு. அவருடைய ஐயா, என் அப்பப்பா, போய்விட்டார். அதை நான், பத்து வயதுக் கோள்மூட்டி, அந்த வாங்கில் வைத்து அவருக்குச் சொல்லியிருக்கிறேன்.

கலியாணம் ஆவணியில் நடந்தது. புரட்டாதியில் அப்பா, ஊரிலிருந்து கடிதம் வந்துவிட்டது என்று, திகதி எழுதிய மூலையைக் கைக்குள் மறைத்துக்கொண்டு, வாசித்துக் காட்டினார். மாமி அப்போதுதான் கேட்பவரைப் போல விழுந்து அழுதார். அதன் பிறகு மாமியின் கலியாண நாள் ஒவ்வொன்றுக்கும் அல்பர்ட்ஸ்லுண்டுக்கு அம்மாவும் நானும்தான் போவோம். அப்பாவுக்கு அன்றைக்கென்று தொழிற்சாலையில் வேலை வந்துவிடும். தங்கையை ஏமாற்றித் தாலி கட்டவைத்தேன் என்ற குற்றத்தை முப்பது வருடம் சுமந்தார் என்று இப்போது தெரிகிறது. மாமிக்கு அன்றைக்கே தெரியும் அப்பா என்று ஒரு வசனம் சொல்லியிருந்தால் அவருக்குப் போதுமாக இருந்திருக்கும். அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நான். எனக்கு விளங்கியபோது அவர் இல்லை.

அன்று மலையில், என் தலை பின்னி முடிந்த பிறகு, அப்பா எங்கள் வாங்கடிக்கு வந்தார். வந்து மாமியின் முகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்ப மாமியைப் பார்த்தார்.

“நீ ஒண்டும் சாப்பிடேல்லையே?” என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார், ஆனால் பதில் வரும்வரை மூச்சுவிடவில்லை.

மாமி அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, பஸ்ஸில் சிரித்த அதே பெரிய சிரிப்பைச் சிரித்தார்.

“சாமியில்லாத மலையிலை ஆருக்கண்ணை விரதம்? எனக்குப் பசி உயிர் போகுது.”

எழுந்து போய் வாத்தியார் மாமாவிடம் ஒரு சொசேஜ் வாங்கிக்கொண்டு வந்தார். நல்ல சிவப்பு, பன்றி இறைச்சி, மேலே மஞ்சள் கடுகு. அப்பாவுக்கு முன்னால், அவர் பார்க்க, நின்றபடியே தின்றார். கண்ணால் தண்ணீர் ஓடியது. கடுகு மூக்கில் ஏறிவிட்டது என்றார். அப்பாவின் தோள் இறங்கியது. அன்று முதல் தடவையாகச் சிரித்து, ஆறுதலாத் தின் என்று சொல்லிவிட்டு, வாத்தியார் மாமாவிடம் போனார்.

எனக்கு ஒரு துண்டு என்று நான் கை நீட்டினேன். மாமி தரவில்லை. கடைசித் துண்டுவரை தானே விழுங்கினார். அவ்வளவு பசியா என்று எனக்கு அவர்மேல் கோபம் வந்தது, கலியாணம் வரைக்கும் அந்தக் கோபம் போகவில்லை.